கறுப்பின் படிகள்: நம் முகங்களும் கறுப்பு வெள்ளைப் படங்களும்



பண்டிதர் அயோத்திதாசரின் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவில் உருவப்படங்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் அமைப்புத் தோழர்கள் சிலர் தயங்கினார்கள். கூலி, நிலம், பாலாறு, ஆணவக் கொலை என்று பேச இவ்வளவு இருக்கும்போது படத்தின் டோனும் கான்ட்ராஸ்டும் எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பண்டிதரிடமிருந்தே பதிலைத் தொடங்குகிறேன்.

பண்டிதர் 1845இல் பிறந்தார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி, 1914 மே 5ஆம் நாள் மறையும் வரை நடத்தினார். அவருடைய எழுத்து பெரும் தொகுதிகளாக இன்று நம் கையில் இருக்கிறது. முகம்? நாம் திரும்பத் திரும்பப் பார்ப்பது நகலுக்கு நகல் எடுத்த ஓர் உருவத்தைத்தான். ஒரு துண்டறிக்கையில் அது கண்கூடத் தெரியாத மைத்திட்டாக இருக்கிறது. இன்னொரு சுவரொட்டியில் கன்னம் சிவந்த வெளுத்த மனிதராக இருக்கிறது. இரண்டிலும் பண்டிதர் இல்லை.

கறுத்த முகத்தைப் படத்தில் தொலைக்க இந்த இரண்டு வழிகளும் போதும். ஒன்று, அதை முழுக்க இருட்டாக்கிவிடுவது. இன்னொன்று, அதை வெளுக்க வைப்பது. முதலாவதைப் பெரும்பாலும் இயந்திரம் செய்தது. இரண்டாவதை அழகு என்ற பெயரில் மனிதர்கள் செய்தார்கள். இன்று நாமும் செய்துகொண்டிருக்கிறோம். இவை இரண்டுக்கும் நடுவே கறுத்த முகத்தைக் கறுத்த முகமாகவே, அதன் எல்லா நுணுக்கங்களோடும் அச்சில் கொண்டுவர முடியும். அதற்கு ஒரு வரலாறும் ஒரு கைத்தொழிலும் இருக்கின்றன. இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் சொற்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் கிடையாது, படிகள் மட்டுமே உண்டு. முழுக் கறுப்புக்கும் முழு வெள்ளைக்கும் நடுவே சாம்பலின் எத்தனையோ படிகள். அந்தப் படி ஒவ்வொன்றையும் டோன் என்கிறோம். ஒரு படிக்கும் இன்னொரு படிக்கும் உள்ள தூரம் கான்ட்ராஸ்ட். கறுத்த தோலில் நெற்றிக்கும் கன்னத்துக்கும், மூக்கின் மேட்டுக்கும் கண்ணின் குழிக்கும் உள்ள வேறுபாடு, கறுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் சில படிகளுக்குள்ளேயே அடங்கிவிடும். அந்தச் சில படிகளை ஒன்றாகக் கலந்துவிட்டால் முகம் போய்விடும். வெள்ளை வேட்டியும் பல்லும் மட்டும் மிஞ்சும்.

இனி வரலாறு. புகைப்படம் வந்த முதல் அரை நூற்றாண்டில் பயன்பட்ட கண்ணாடித் தகடுகளுக்கு நீலமும் ஊதாவும்தான் தெரியும். 1873இல் ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் சாயம் சேர்த்துப் பச்சை ஒளியையும் தகட்டுக்குத் தெரிய வைத்தார். சிவப்பும் தெரிகிற பான்குரோமேட்டிக் தகடு 1906இல்தான் கடைக்கு வந்தது. நம் பழுப்புத் தோல் நீல ஒளியைக் குறைவாகவும் சிவப்பு ஒளியை அதிகமாகவும் திருப்பி அனுப்பும். ஆகவே சிவப்பு தெரியாத தகட்டில் நம் முப்பாட்டன்மார், நேரில் பார்த்த கண்ணுக்குத் தெரிந்ததைவிட அதிகமாகக் கறுத்துப் பதிந்தார்கள். பழைய படங்களைப் பார்த்து 'அந்தக் காலத்துல நம்ம ஆளுங்க அவ்ளோ கறுப்பு' என்று சொல்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அந்தக் கறுப்பில் ஒரு பங்கு தகட்டுக்குச் சொந்தம்.

அந்தத் தகடுகளைக் கொண்டு யார் யாரைப் படமெடுத்தார்கள்? 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்தது 'தி பீப்புள் ஆஃப் இந்தியா'. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்த அதே திட்டத்துக்குள்தான் படமெடுப்பதும் நடந்தது. பெரும்பாலான படங்களுக்குக் கீழே சாதியின் பெயர் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. சமூகவியல் படிக்கும் மாணவர்கள் அந்தத் தொகுதிகளைப் புரட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். மாதிரியாக எடுக்கப்படும் முகத்தில் கண்ணின் ஒளி தெரிந்தாக வேண்டும் என்று எவரும் கவலைப்படத் தேவையில்லை. மூக்கின் அளவு தெரிந்தால் போதும்.

இதே காலத்தில் நம் மக்கள் தாங்களாகவே கேமராவுக்கு முன் போய் உட்கார்ந்தார்கள். இரட்டைமலை சீனிவாசனின் படத்தைப் பாருங்கள். தலைப்பாகை, கோட்டு, மார்பில் பதக்கங்கள். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு டாக்டர் அம்பேத்கரோடு ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதியாகப் போனவர் அவர். மேலாடை போட்டதற்கும் செருப்பு அணிந்ததற்கும் அடித்த ஊர்கள் இருந்த காலத்தில், அப்படி உடுத்தி நேராகப் பார்த்தபடி ஒருவர் படமெடுத்துக்கொள்வதே ஓர் அரசியல் அறிக்கை. வட ஆர்க்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போன நம் குடும்பங்களின் வீடுகளிலும் அப்படிப்பட்ட படங்களைப் பார்த்திருக்கிறேன். நாற்காலியில் தாத்தா, பக்கத்தில் நின்றபடி பாட்டி, பின்னால் வரைந்து தொங்கவிட்ட திரை.

அமெரிக்காவில் அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்து தலைவரான ஃபிரெடரிக் டக்ளஸ் இதைக் கொள்கையாகவே வைத்திருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட அமெரிக்கர் அவர்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சுமார் 160 படங்கள் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. வெள்ளையர் வரைந்த கேலிச் சித்திரங்களுக்கு எதிராகத் தன் முகத்தையே சாட்சியாக நிறுத்தினார். 1861இல் படங்களைப் பற்றித் தனியாகச் சொற்பொழிவும் ஆற்றினார். ஆகவே தோழர்களே, ஒடுக்கப்பட்டவர்களின் மேடையில் புகைப்படத்தைப் பற்றிப் பேசுவது நான் தொடங்கிவைக்கும் வழக்கம் அல்ல. 160 ஆண்டுப் பழமை அதற்கு உண்டு.

ஸ்டுடியோவுக்குள் நுழைந்த பிறகு என்ன நடந்தது? அங்கே டச்சிங் என்று ஒரு வேலை உண்டு. சாய்மேசையில் நெகட்டிவை வைத்து, கூரிய பென்சிலால் முகத்தின் மேல் மெல்லத் தீட்டுவார்கள். நெகட்டிவில் கறுக்கும் இடம் அச்சில் வெளுக்கும். சுருக்கம், அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே உள்ள நிழல் எல்லாம் மறையும். அது பெரிய கைத்திறன்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திறன் ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்தது. வெளுத்தால் அழகு என்ற கணக்கை யாரும் எழுதிவைக்கவில்லை. பென்சில் பிடித்த கைக்கு அது தெரிந்திருந்தது. சாதியும் நிறமும் ஒன்றல்ல என்பது நம் எல்லாருக்கும் தெரியும். எல்லாச் சாதியிலும் எல்லா நிறமும் உண்டு. ஆனாலும் கறுப்பைக் கீழ்மையோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கும் சமூகம் இது. அந்த முடிச்சு ஸ்டுடியோ மேசையிலும் இருந்தது.

இது நம் ஊர்க் கணக்கு மட்டும் அல்ல. ஆன்சல் ஆடம்ஸ் வகுத்த மண்டல முறை உலகம் முழுக்கப் பாடமாகச் சொல்லித்தரப்படுகிறது. கறுப்பிலிருந்து வெள்ளைவரை பூஜ்யம் முதல் பத்து வரை மண்டலங்கள். வெள்ளையர் தோலை 6ஆம் மண்டலத்தில் வை என்பது அதில் பழகிப்போன விதி. வண்ணப்படம் வந்த பிறகு, அச்சுக்கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் அனுப்பிய மாதிரி அட்டையில் பல ஆண்டுகள் இருந்தது ஒரு வெள்ளைப் பெண்ணின் முகம். அவளுக்குப் பொருந்தினால் உலகத்துக்கே பொருந்தும் என்று வைத்துக்கொண்டார்கள்.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசு கறுப்பின மக்கள்மீது திணித்த பாஸ் புத்தகங்களுக்குப் போலராய்ட் கருவியில் படம் எடுக்கப்பட்டது. 1970இல் அந்த நிறுவனத்தின் ஊழியர்களான கரோலின் ஹண்டரும் கென் வில்லியம்ஸும் இதைக் கண்டறிந்து தங்கள் நிறுவனத்துக்கு எதிராகவே இயக்கம் கட்டினார்கள். 1977இல் போலராய்ட் அந்த நாட்டைவிட்டு வெளியேறியது. அங்கே பயன்பட்ட கருவியில் ஃபிளாஷ் ஒளியைக் கூட்டித் தர ஒரு பொத்தான் இருந்தது. கறுத்த முகத்தை நன்றாகக் காட்டத் தெரியாமல் இல்லை, பாருங்கள். கண்காணிக்க வேண்டும் என்றபோது தொழில்நுட்பம் அதைச் செய்தது. யாருக்காக என்பதுதான் கேள்வி.

இப்போது நம் தோல் பகுதிக்கு வருகிறேன். வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிய ஊர்களில் வாழும் நமக்குப் புகைப்படத்தோடு ஓர் உறவு இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்தாளிலும் ஃபிலிமிலும் வெள்ளி உப்பைத் தாங்கி நிற்பது ஜெலட்டின். அது மாட்டின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பொருள். 1920களில் கோடாக் ஆய்வுக்கூடத்தில் ஷெப்பர்ட் என்பவர், ஜெலட்டினில் சிறிதளவு கலந்திருக்கும் கந்தகச் சேர்மம்தான் ஃபிலிமுக்கு ஒளியுணர்வைக் கூட்டுகிறது என்று கண்டுபிடித்தார். கடுகு வகைச் செடிகளை மேய்ந்த மாட்டின் வழியாக அது வருகிறது என்றார்கள். செத்த மாட்டைத் தொட்டவர்களைத் தீண்டத்தகாதவர் என்ற இந்த நாட்டில், கோயில் குருக்கள் வீட்டுத் திருமணப் படம் உட்பட அத்தனை கறுப்பு வெள்ளைப் படங்களும் மாட்டுத் தோலின் மேல்தான் பதிந்தன.

இன்னொன்று, டோன் என்ன என்பதை நம் தொழிலாளிக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆவாரம்பட்டையில் ஊறிய தோலின் வெளிர் பழுப்பு வேறு, கடுக்காய் ஏறிய பழுப்பு வேறு. குரோமில் பதப்பட்ட வெட் ப்ளூவின் நீலச்சாம்பல் வேறு. ஃபினிஷிங் பிரிவில் மாதிரித் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கறுப்பிலேயே எந்தக் கறுப்பு பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று பிரிக்கிறவர்கள் நம் ஆட்கள். ஒரு ஜோடி ஷூவில் இடதும் வலதும் ஒரே ஷேடாக இல்லாவிட்டால் சரக்கு திரும்பி வந்துவிடும். வெளிநாட்டுக்காரன் காலுக்குப் போகும் கறுப்புக்கு இவ்வளவு கவனம் தருகிற ஊர் இது. அதே கவனத்தை நம் முகத்தின் கறுப்புக்கும் தரலாம்.

ஏன் தர வேண்டும் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஆம்பூர் பக்கத்தில் ஒரு டேனரித் தொழிலாளி இறந்துபோனார். அஞ்சலிச் சுவரொட்டிக்கு வாசகம் எழுத நான் போயிருந்தேன். வீட்டில் அவர் தனியாக இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. இ.எஸ்.ஐ. அட்டையில் இருந்த தபால்தலை அளவுப் படம்தான் கிடைத்தது. டிசைன் போடும் தம்பி அதை ஸ்கேன் செய்து, பிரைட்னஸைத் தூக்கி, முகத்தை மழுமழுவென்று ஆக்கி, 'கொஞ்சம் கலர் ஏத்திக் குடுத்திருக்கேம்மா, பளிச்சுனு இருக்கும்' என்றான். அவர் மகள் திரையை வெகுநேரம் பார்த்தாள். 'அண்ணா, இது எங்க நைனா இல்ல. நைனாவுக்குப் புருவத்து மேல ஒரு வெட்டு இருக்கும்' என்றாள். பழைய ஸ்கேனைத் திறந்து, நிழற்பகுதியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினோம். புருவத்துக்கு மேலே மெல்லிய கோடாக அந்தத் தழும்பு வந்தது. தம்பி கெட்டவன் இல்லை. வெளுக்க வைப்பதுதான் மரியாதை என்று அவனுக்குக் கற்றுத் தரப்பட்டிருந்தது.

2015 ஜனவரி 31ஆம் நாள் ராணிப்பேட்டை சிட்காவில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இப்படிச் சாகிறவர்களை நாளிதழ் எண்ணிக்கையாகவே சொல்லும். எண்ணிக்கையை மனிதராக மாற்றுவது ஒரு பெயரும் ஒரு முகமும். இழப்பீடு கேட்டு மறியல் செய்யும்போது நம் கையில் இருக்கும் தட்டியில் மைத்திட்டு இருந்தால், அதிகாரியின் கண் அதைத் தாண்டிப் போய்விடும். மும்பை துப்புரவுத் தொழிலாளர்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்த சுதாரக் ஓல்வேயின் படங்களையும், மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பங்களைப் பல ஆண்டுகளாகப் பதிவுசெய்யும் நம் எம். பழனிக்குமாரின் படங்களையும் மாணவர்கள் தேடிப் பாருங்கள். அந்த முகங்களைத் தாண்டிப் போக முடியாது.

சரி, நாம் என்ன செய்யலாம்? செயல்முறைக்கு வருகிறேன்.

முதலில், புதிதாகப் படம் எடுப்பது. உச்சி வெயிலில் நிறுத்தாதீர்கள். கண் குழிக்குள் போய்விடும். திண்ணையோ வாசற்படியோ, வெளிச்சம் ஒரு பக்கமிருந்து மெதுவாக வரும் இடத்தில் உட்கார வையுங்கள். பக்கவாட்டு ஒளி கறுத்த தோலில் அழகாக வழுக்கிப் போகும். கன்னத்து எலும்பில் விழும் மினுமினுப்புதான் முகத்துக்கு வடிவம் தருகிறது; பவுடர் பூசி அதைக் கொல்லாதீர்கள். சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்த வேண்டாம். கேமரா தான் காணும் எல்லாவற்றையும் சராசரியாக நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். சுவர் வெள்ளையாக இருந்தால் படம் முழுவதையும் இருட்டாக்கும், முகம் அதில் மூழ்கும். இதற்கு நேர்மாறாக, முகம் மட்டுமே சட்டத்தை நிறைத்தால் அதை வெளிறிய சாம்பலாக்கிவிடும். கைப்பேசியானால் திரையில் முகத்தைத் தொடுங்கள்; பிறகு ஒளியைக் கூட்டவோ குறைக்கவோ செய்து, நேரில் இருப்பதைப் போல வருகிறதா என்று ஒப்பிடுங்கள். அழகுபடுத்தும் ஃபில்டரை அணைத்துவிடுங்கள். வண்ணப்படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்பு, ஆரஞ்சு அளவுகளைச் சற்று உயர்த்துங்கள். பழைய தகடு பார்க்க மறுத்த ஒளி அதுதான்.

அடுத்து, பழைய படம். சட்டத்திலிருந்து கவனமாக எடுத்து ஸ்கேன் செய்யுங்கள்; கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் உரிக்காமல், ஒளி பிரதிபலிக்காத கோணத்தில் படமெடுங்கள். சாதாரணப் படத்துக்கு 600 டிபிஐ, தபால்தலை அளவுக்கு 1200. டிஃப் கோப்பாகச் சேமித்து, அதைத் தொடாமல் வைத்துவிட்டு நகலில் வேலை செய்யுங்கள். பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் என்ற இரண்டு பொத்தான்களின் பக்கம் போகாதீர்கள். அவை நெற்றி, சட்டை, பின்சுவர் எல்லாவற்றையும் ஒரே கோலால் அடிப்பவை. லெவல்ஸில் கறுப்பு எங்கே தொடங்குகிறது, வெள்ளை எங்கே முடிகிறது என்று முதலில் குறியுங்கள். பிறகு கர்வ்ஸில் கீழ்ப்பகுதியை மட்டும் லேசாக உயர்த்துங்கள். தலைமுடியும் கண்மணியும் ஆழ்ந்த கறுப்பாகவே நிற்க வேண்டும். அவை நின்றால்தான் தோல் அதிலிருந்து பிரிந்து தெரியும். இன்னும் இருட்டாக உள்ள கண்குழியைத் தனியாக, ஐந்து பத்து சதவீத அளவில், டாட்ஜ் செய்யுங்கள். தோல் வெளுக்கத் தொடங்கும் இடத்தில் கையை எடுத்துவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவால் பழைய படத்தைப் புதிதாக்கும் செயலிகளில் எச்சரிக்கையாக இருங்கள். இல்லாத கண்ணையும் தோலையும் அவை வேறு முகங்களிலிருந்து ஊகித்து வரைகின்றன. இயந்திரம் எந்த முகங்களில் பழகியது என்பது முக்கியம். 2018இல் ஜாய் புலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளுத்த ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கறுத்த பெண்களிடம் 34.7 சதவீதம் வரை. அந்த இயந்திரத்திடம் நம் பாட்டியின் முகத்தை ஊகிக்கக் கொடுப்பதற்கு முன் யோசியுங்கள். மங்கலான உண்மை முகம், பளிச்சென்ற பொய் முகத்தைவிட மேல்.

கடைசியாக, அச்சு. நாம் அடிப்பது பெரும்பாலும் மலிவுத் தாளில். அதில் மை பரவும். திரையில் தெரிந்த நிழற்படிகள் தாளில் ஒட்டிக்கொண்டு ஒரே கறுப்பாகிவிடும். ஆகவே மிக ஆழ்ந்த கறுப்பை 90 சதவீதத்துக்குள் நிறுத்தி, நடுச்சாம்பலைத் திரையில் சற்று வெளிறியே வையுங்கள். ஆயிரம் அடிப்பதற்கு முன் ஒன்று அடித்துப் பாருங்கள். பார்க்க வேண்டியவர் அச்சகத்தார் மட்டுமல்ல. இறந்தவரின் வீட்டார் ஒருவர் பார்த்து, 'ஆமா, இவருதான்' என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்தான் நமக்கு அளவுகோல்.

தோழர்களே, தர்ஸ்டனின் தொகுதிகள் நூலகங்களில் பத்திரமாக இருக்கின்றன. நம் சட்டங்கள் கூரையடியில் கரையான் அரித்துக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு மழைக்காலத்திலும் சில முகங்கள் போகின்றன. இந்த அரங்கில் இருக்கும் மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். அடுத்த ஆண்டு நாம் கூடுவதற்குள் ஒவ்வொருவரும் தங்கள் தெருவிலிருந்து பத்துப் படங்களை ஸ்கேன் செய்து கொண்டுவாருங்கள். வீட்டாரிடம் ஒப்புதல் வாங்குங்கள், மூலப்படத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஆளின் பெயர், ஊர், செய்த வேலை, படமெடுத்த ஆண்டு, எடுத்த ஸ்டுடியோ ஆகியவற்றை எழுதுங்கள். ஆண்டு தெரியாவிட்டால் யார் கல்யாணத்துக்கு முன், யார் பிறந்ததற்குப் பின் என்று வீட்டிலுள்ள கிழவியைக் கேட்டு எழுதுங்கள். சாதியின் பெயரை மட்டும் எழுதிவிட்டு ஆளின் பெயரை விட்ட ஏடுகளுக்கு, பெயரும் முகமும் சேர்ந்து இருக்கும் ஓர் ஏட்டை நாம் பதிலாக வைப்போம். அதில் நம்மவர்கள் தங்கள் கறுப்பிலேயே, கண் தெரிய, தழும்பு தெரிய இருக்கட்டும்.